எங்க பட்டறையில ஏது மிஸ் சிம்பொனி

கோவை கணபதியில் எங்கள் வீட்டு மாடியறையில், ஆகஸ்ட் பிறந்தால் ஐந்தாறு பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். எல்லாரும் பன்னிரண்டாம் வகுப்பு. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிற ‘காமன் ஆப்’ தளம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1 அன்று புதிதாகத் திறக்கும். மதிப்பெண், ஆசிரியர் பரிந்துரை, சில இடங்களில் எஸ்ஏடி என்கிற தேர்வின் மதிப்பெண், இவற்றோடு ஒரு கட்டுரையும் கேட்கும். 250 சொல்லுக்குக் குறையக் கூடாது, 650 சொல்லைத் தாண்டக் கூடாது. ஏழு தலைப்புகள் உண்டு. ஏழாவது, ‘உனக்குப் பிடித்த எதையும் எழுது’ என்பது. அதனால் தலைப்புகளைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படாதே என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

நான் பதினான்கு வருஷம் பள்ளியில் ஆங்கிலம் எடுத்தவள். வேலையை விட்ட பிறகு பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனுக்காக இதில் இறங்கினேன். அவன் தன் நண்பனைக் கூட்டி வந்தான், நண்பன் தன் தங்கையைக் கூட்டி வந்தான். அப்படியே போகிறது. இந்த வேலையில் நான் கற்றதில் பாதி, செய்யக் கூடாததைச் செய்து கற்றது. அதில் பெரியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020. எல்லாம் ஜூம் வழியாக நடந்த வருஷம். ஒரு பையன், நல்ல பையன், கூச்ச சுபாவம். கட்டுரை தட்டையாக இருந்தது. நாள் நெருங்க நெருங்க எனக்குப் பொறுக்கவில்லை. ‘இந்த வரியை இப்படி மாத்தலாமா?’ என்று ஆரம்பித்தேன். அவன் எல்லாவற்றுக்கும் ‘சரிங்க மிஸ்’ என்றான். ஒரு வாரத்தில் கட்டுரை பிரமாதமாகிவிட்டது. திரும்பப் படித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். ஒரு பதினேழு வயதுப் பையனின் கட்டுரையைப் படித்து நான் ஏன் என்னைப் பற்றிப் பெருமைப்பட வேண்டும்?

தேர்வு மையங்கள் மூடிக் கிடந்ததால் அந்த வருஷம் நிறையப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே எழுதக்கூடிய டுவோலிங்கோ ஆங்கிலத் தேர்வை எழுதினார்கள். அவனும் எழுதினான். அந்தத் தேர்வில், மதிப்பெண்ணோடு சேர்த்து மாணவன் அங்கே உட்கார்ந்து எழுதிய ஒரு பத்தியும் பேசிய ஒரு காணொளியும் கல்லூரிக்குப் போகும். இது எனக்கு விண்ணப்பம் அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. அவன் எழுதியதும் நான் எழுதியதும் ஒரே கோப்புக்குள் பக்கத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கின்றன. பையனுக்கு எங்கும் இடம் கிடைக்கவில்லை. கல்லூரிகள் காரணம் சொல்வதில்லை, அதனால் இதுதான் காரணம் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் முடிவு வந்த அன்றைக்கு அவன் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. “பரவாயில்லைங்க மிஸ். அது படிக்கும்போதே எனக்கு வேற யாரோ மாதிரிதான் இருந்துச்சு.”

அதற்குப் பிறகு பிள்ளைகளின் கோப்பில் நான் ஒரு எழுத்துகூடத் தட்டுவதில்லை. கூகுள் டாக்ஸில் ‘கமெண்ட்’ போடுகிற அனுமதி மட்டும் கொடுக்கச் சொல்வேன். கமெண்டும் கேள்வியாகத்தான் இருக்கும். ‘இந்த வரி சரியில்லை’ என்று எழுதினால், சரியான வரி எது என்று என் வாயைப் பார்ப்பார்கள். ‘அப்போது மணி என்ன? உன் கையில் என்ன இருந்தது?’ என்று எழுதினால் பதில் அவர்களிடம்தான் இருக்கிறது.

முதல் இரண்டு வாரம் யாரையும் எழுதவே விடமாட்டேன். பேசச் சொல்வேன், அதுவும் தமிழில். போனில் பதிவை ஓடவிட்டு இருபது நிமிஷம். எங்கள் பிள்ளைகளிடம் இரண்டு ஆங்கிலம் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் ஒன்று, பரீட்சைத் தாளில் ஒன்று. பேனாவை எடுத்தால் இரண்டாவதுதான் வரும். கலாம் மேற்கோளில் தொடங்கி, சிறு வயதிலிருந்தே என் கனவு என்று நகர்ந்து, நாட்டுக்குச் சேவை செய்வேன் என்று முடியும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பன்னிரண்டு வருஷம் எழுதிய கை அது. அதன் மேல் தப்பே இல்லை. இங்கே நல்ல மார்க் வாங்கிக் கொடுத்ததும் அந்தக் கைதான்.

கேள்விகள் சின்னதாக இருக்க வேண்டும். ‘உன் வாழ்க்கையின் பெரிய சவால் என்ன?’ என்றால் பொய்தான் வரும், இல்லையென்றால் கொரோனா வரும். நான் கேட்பது வேறு மாதிரி. உங்கள் வீட்டில் உனக்கு மட்டுமே தெரிந்த வேலை எது? எதைப் பற்றி நீ வாயைத் திறந்தால் நண்பர்கள் ‘ஆரம்பிச்சுட்டான்டா’ என்பார்கள்? கடைசியாக எப்போது உன் எண்ணம் தப்பு என்று உனக்கே தெரிந்தது? ஐந்தில் நான்கு கேள்விக்கு ‘தெரியலைங்க மிஸ்’ என்றுதான் பதில் வரும். அப்போது வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் எனக்குக் கடினமான வேலை. இடையில் எழுந்து டீ போடப் போய்விடுவேன். திரும்பி வருவதற்குள் பெரும்பாலும் ஏதோ ஒன்று ஞாபகம் வந்திருக்கும்.

ஒரு பெண் வந்தாள். முதல் வரைவில் பள்ளி மன்றத்தின் துணைத் தலைவியாக அவள் நூறு மரக்கன்று நட்டிருந்தாள். அதில் எத்தனை பிழைத்தது என்று கேட்டேன், தெரியவில்லை. சரி, அப்பா என்ன செய்கிறார்?

“லேத் பட்டறைங்க மிஸ். பம்புக்கு ஷாஃப்ட் கடைஞ்சு கொடுக்கறது.”

“நீ அங்க போவியா?”

“சனிக்கிழமை பில் போட மட்டும் போவேன். அதெல்லாம் எழுதலாங்களா?”

அப்பா விலை எப்படிச் சொல்வார் என்று கேட்டேன். கையில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவார் என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் தானாகவே ஒரு கதை வந்தது. பத்தாம் வகுப்பு லீவில் அவள் எக்ஸெலில் ஒரு கணக்கு போட்டிருக்கிறாள்: இரும்பு விலை, கூலி, கரண்ட், டூல் தேய்மானம் எல்லாம் சேர்த்து. இனிமேல் கையால் தூக்கிப் பார்க்க வேண்டாம் என்று அப்பாவிடம் சண்டை. அவரும் ஒரு மாசம் விட்டுப் பார்த்தார். அவள் சொன்ன விலை எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே வந்தது, இரண்டு ஆர்டர் கை நழுவிப் போனது. எங்கே தப்பு என்று தேடியதில், கடையும்போது உதிர்கிற சுருள் இரும்பைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதை அவள் கழிக்கவே இல்லை. “அப்பா ஷாஃப்டை மட்டும் தூக்கிப் பார்க்கலைங்க மிஸ். அதுல இருந்து உதிரப்போறதையும் சேர்த்துத் தூக்கிப் பார்த்திருக்காரு.” ஆனால் அவள் கணக்கு ஒரு இடத்தில் அப்பாவை ஜெயித்தது. கரண்ட் போன நாட்களில் ஜெனரேட்டர் குடித்த டீசலை அவர் எந்த விலையிலும் சேர்த்ததே கிடையாது.

பதிவை நிறுத்திவிட்டு, இதை எழுது என்றேன். அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை. “மரக்கன்று வேண்டாங்களா?”

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டு விஷயத்தை எழுத வெட்கம், தங்களைப் பற்றி நல்லதாகச் சொல்லக் கூச்சம். தற்பெருமை பேசாதே என்று வளர்த்த வீடுகள். இதற்கு நான் நன்னூலைத் துணைக்கு இழுப்பேன். தன்னைத்தானே புகழ்வது தகுதியில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவிலேயே விதிவிலக்குகளும் கொடுத்திருக்கிறார் பவணந்தி முனிவர். அரசன் அவைக்கு ஓலை எழுதும்போது புகழ்ந்துகொள்ளலாம், தன் ஆற்றலை அறியாதவர்களிடையே புகழ்ந்துகொள்ளலாம். விண்ணப்பக் கட்டுரைக்கு இதைவிடப் பொருத்தமான அனுமதிச் சீட்டு எனக்குக் கிடைத்ததில்லை. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிற, உன்னைக் கண்ணால் பார்க்காத ஒருவர் ஓலையைப் பிரிக்கப்போகிறார், கூச்சப்படாதே என்பேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எல்லாரும் எழுதுகிற கதையை எழுதுவது. 2007-ல் பிரிட்டனில் பல்கலைக்கழகச் சேர்க்கையைக் கவனிக்கிற யூகாஸ் அமைப்பு விண்ணப்பங்களை மென்பொருளில் போட்டுச் சோதித்தபோது, எட்டு வயதில் வேதியியல் செட்டோடு விளையாடி பைஜாமாவில் ஓட்டை போட்டுக்கொண்ட கதை 234 பேரிடம் இருந்தது. அத்தனை பைஜாமாவும் எங்கோ ஒரு மாதிரிக் கட்டுரையிலிருந்து இறங்கியவை. அதனால் மாதிரிக் கட்டுரைகளை முதல் வரைவு முடியும் வரை படிக்காதே என்பது என் கட்டளை. அதற்கப்புறம் படித்தால் கெடுதல் குறைவு.

இப்போது மாதிரியைத் தேட வேண்டியதே இல்லை, சாட்ஜிபிடி இருக்கிறதே. பட்டறைப் பெண்ணே மூன்றாம் வாரம் ஒரு வரைவு கொண்டுவந்தாள். இலக்கணம் சுத்தம். லேத் இயந்திரங்கள் விடாமுயற்சியின் சிம்பொனியை இசைத்துக்கொண்டிருந்தன. நான் எதுவும் சொல்லவில்லை, சத்தம் போட்டு வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். “எங்க பட்டறையில ஏது மிஸ் சிம்பொனி. நான் காதுல பஞ்சு வெச்சுட்டுத்தான் உக்காருவேன்.” அந்தப் பஞ்சு கட்டுரையின் இரண்டாவது வரியாகப் போய்ச் சேர்ந்தது. திட்டியிருந்தால் அது வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

விதியையும் எடுத்துச் சொன்னேன். 2023 முதல் காமன் ஆப், செயற்கை நுண்ணறிவு எழுதிக்கொடுத்த சரக்கைத் தன்னுடையதாகக் காட்டுவதை மோசடிப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. விண்ணப்பம் அனுப்பும்போது எல்லாம் என் சொந்த வேலை என்று மாணவரே கையொப்பமிட வேண்டும். ஆனால் பதினேழு வயதுக்கு விதியைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட வாசித்துக் காட்டுவது நன்றாக வேலை செய்கிறது. எந்தக் கட்டுரையையும் எழுதியவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நாக்கு தடுக்குகிற இடமெல்லாம் பெரும்பாலும் அவருடைய வார்த்தை இல்லாத இடமாகத்தான் இருக்கும்.

பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். ‘நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க, எவ்வளவு ஆகும்?’ என்று நேராகக் கேட்கிறவர்களோடு எனக்குப் பிரச்சினை இல்லை. இல்லை என்று நேராகச் சொல்லிவிடலாம். ராத்திரியில் ரகசியமாகத் திருத்துகிறவர்கள்தான் சிரமம். ஒரு நாள் காலையில் ஒரு கட்டுரையைத் திறந்தால் ‘ஹெல்ப்’ எல்லாம் ‘ஃபெசிலிடேட்’ ஆகியிருந்தது, ‘யூஸ்’ எல்லாம் ‘யூட்டிலைஸ்’ ஆகியிருந்தது. கோப்பின் பழைய பதிப்புகளைப் பார்த்தேன். திருத்தம் நடந்தது இரவு 1:40-க்கு, அப்பாவின் கணக்கிலிருந்து. அவர் டாக்டர், பெரிய மனிதர், சண்டை போட முடியாது. போன் செய்து, “சார், எனக்கு ஒரு உதவி வேணும். உங்க பையனைப் பத்தி உங்களுக்கு மறக்க முடியாத ஒரு நாளைத் தமிழ்ல ஒரு பக்கம் எழுதித் தாங்க” என்று கேட்டேன். நான்கு பக்கம் எழுதி அனுப்பினார். அதில் பையனுக்கே மறந்துபோயிருந்த இரண்டு சம்பவங்கள் இருந்தன. கட்டுரைக் கோப்பின் பக்கம் அப்புறம் அவர் வரவில்லை. இப்போதெல்லாம் எல்லாப் பெற்றோருக்கும் முதல் வாரமே இந்த வேலையைக் கொடுத்துவிடுகிறேன்.

இன்னொரு பையன். அவன் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது அப்பா இறந்துபோயிருந்தார். ஒரு ஆலோசகர் அவனிடம், அதுதான் உன் விண்ணப்பத்தின் பலம், அதையே எழுது என்று சொல்லி அனுப்பியிருந்தார். பையனும் எழுதியிருந்தான். படித்துவிட்டு, இதை எழுதணும்னு உனக்குத் தோணுச்சா என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அம்மா இதைப் படிப்பாங்களான்னுதான் யோசிச்சுட்டு இருந்தேன்” என்றான். துக்கத்தை எழுதக் கூடாது என்பதில்லை. எழுதி ஆறியவர்களும் உண்டு. ஆனால் ஆறாத புண்ணைக் கடைவிரிக்கச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. காமன் ஆப்பில் குடும்பச் சூழ்நிலையைச் சொல்லத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. பள்ளி ஆலோசகரின் கடிதத்திலும் இரண்டு வரி சொல்லலாம். தகவல் போய்ச் சேர அது போதும். அவன் கடைசியில் டவுன் பஸ்ஸைப் பற்றி எழுதினான். காந்திபுரத்திலிருந்தும் உக்கடத்திலிருந்தும் எந்த பஸ் எத்தனை நிமிஷம் தாமதமாக வருகிறது என்று இரண்டு வருஷம் நோட்டில் குறித்துவைத்திருந்தவன் அவன். அப்பா அதில் ஒரே ஒரு வரியில், ஜன்னலோர சீட்டில் வந்துபோனார்.

வெட்டுகிற வேலையில் ஒரு சுலபமான வழி உண்டு. வரைவு பொதுவாக ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு சொல் வரும். முதல் பத்தியை எடுத்துவிட்டுப் படி, கடைசிப் பத்தியை எடுத்துவிட்டுப் படி என்பேன். பெரும்பாலும் எதுவும் குறைந்திருக்காது. முன்னுரையும் முடிவுரையும் போய்ப் பொருளுரை மட்டும் நிற்கும். பிறகு ஐந்து நாள் கோப்பைத் திறக்கவே கூடாது. இதற்கெல்லாம் நாள் வேண்டும், அதனால்தான் ஆகஸ்டிலேயே உட்காரச் சொல்வது. செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, நடுவில் ஜேஇஇ கோச்சிங். முன்கூட்டிய சுற்றுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி, வழக்கமான சுற்றுக்கு ஜனவரி முதல் வாரம். 2024-ல் தீபாவளி அக்டோபர் 31. மறுநாள் ராத்திரி வெடிச் சத்தத்துக்கு நடுவே, காதைப் பொத்திக்கொண்டு ஒரு பையன் ‘சப்மிட்’ அழுத்தினான். அமெரிக்காவில் அப்போதுதான் பகல், இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான். காமன் ஆப்பில் பெரும்பாலும் விண்ணப்பிப்பவர் ஊர் நேரப்படி இரவு 11:59 தான் கெடு.

நம் ஊர் ஆங்கிலத்தை என்ன செய்வது என்று கேட்பார்கள். ‘பாஸ்ட் அவுட்’ என்றால் அமெரிக்கருக்கு மயங்கி விழுவது. பத்தாம் வகுப்பில் மயங்கி விழுந்து பதினொன்றில் சேர்ந்ததாக ஆகிவிடும். அதை எடுத்துச் சொன்னால் தாங்களே சிரித்துக்கொண்டு மாற்றிவிடுவார்கள். ஆனால் ‘நேட்டிவ் பிளேஸ்’ இருந்தால் இருக்கட்டும். அது புரியாத வார்த்தை இல்லை, எழுதியவர் எங்கிருந்து வருகிறார் என்றும் சொல்கிறது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு எட்டுக் கேள்வியில் நான்கைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் எழுத வேண்டும். அங்கே அலங்காரம் வேண்டாம், நேரடியான பதில் போதும். பிரிட்டன் முற்றிலும் வேறு. அங்கே நீ யார் என்பதைவிட இந்தப் பாடத்துக்காக இதுவரை என்ன செய்தாய் என்பதுதான் பேச்சு. 2026 சேர்க்கை முதல் ஒரே நீண்ட அறிக்கைக்குப் பதிலாக மூன்று கேள்வி ஆக்கியிருக்கிறார்கள், மொத்தம் 4,000 எழுத்து இடம். பட்டறைக் கதையை அப்படியே அங்கே தூக்கி வைக்க முடியாது. இன்னொன்று, அமெரிக்கக் கல்லூரிகள் பல தனியாகக் கேட்கிற ‘எங்கள் கல்லூரி ஏன்?’ என்ற துணைக் கட்டுரையில் வேறு கல்லூரியின் பெயரை விட்டுவிட்டு அனுப்புகிற கூத்து வருஷத்துக்கு ஒரு முறையாவது நடக்கும். அனுப்பும் முன் பிடிஎஃப் முன்னோட்டத்தை வீட்டில் வேறு யாரையாவது படிக்கச் சொல்லுங்கள்.

பணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்ற சில இடங்களில்தான் வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் சேர்க்கை முடிவு செய்வார்கள். மற்றப் பெரும்பாலான இடங்களில் உதவித்தொகை கேட்டால் அதுவும் கணக்கில் வரும். கட்டுரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. பட்டறைப் பெண்ணுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் வந்தது, கொடுத்த உதவி போதவில்லை. இப்போது கோவையிலேயே மெக்கானிக்கல் படிக்கிறாள். சனிக்கிழமை பில் போடுவது தொடர்கிறது.

அவள் விண்ணப்பம் அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பு நடந்தது இது. கட்டுரை சரியாக 650 சொல்லில் நின்றிருந்தது. ஒரு சொல் கூட்ட வழியில்லை. வீட்டில் அப்பா, இத்தனை நாளா என்னம்மா எழுதறே, எனக்கும் படிச்சுக் காட்டு என்றிருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. இவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். எக்ஸெல், சண்டை, கை நழுவிய ஆர்டர், பழைய இரும்பு, டீசல். அவர் ஒன்றுமே பேசவில்லையாம். முடித்ததும் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் வந்தது. “மிஸ், அந்த ஷாஃப்ட் மைல்டு ஸ்டீல் இல்லியாம். இஎன்-8 ஆம். நான் ரெண்டு வருஷமா தப்பாவே பில் போட்டுட்டு இருந்திருக்கேன்.”

“மாத்திடு.”

“மாத்திட்டேன். ரெண்டு வார்த்தை ஒரு வார்த்தை ஆயிடுச்சுங்க மிஸ். இப்போ 649.”